இஞ்சுடேப் அக்காவுக்கு மேசை சுற்றியவர்கள் வாசித்தளிக்கும் மடல்

பெருமதிப்பிற்குரிய
……………………………………………… அவர்களுக்கு,

அளவறிந்த அம்மையீர்! ஓரம் காத்த உத்தமரே! இருவரி இடைவெளிக்கு இமை கொட்டாமல் காவல் நின்ற எல்லைத் தெய்வமே! மேற்கோள் பட்டியலின் புதருக்குள் பதுங்கிக் கிடந்த முற்றுப்புள்ளியை மோப்பத்தாலேயே பிடித்து வெளியே இழுத்துவந்த பெருமாட்டியே! நத்தைகளையும் எங்களையும் ஒரே பொறுமையோடு நகர்த்தி, நத்தைகளையாவது நேரத்தோடு கரைசேர்த்த நல்லவரே!

பணி நிறைவு பெறும் இப்பொன்மாலையில், கண்ணாடித் தொட்டிகளில் நகரும் உயிர்களும் நாற்காலிகளில் நகராத உயிர்களுமாகிய நாங்கள் அனைவரும் கைகூப்பி, வாய் நிறைய வாழ்த்தி, இம்மடலை வாசிக்கத் தொடங்குகிறோம்.

தொடக்கத்திலேயே ஒரு சங்கடம். உம்மை நேருக்கு நேர் புகழ்வது ஆபத்து என்பதை இவ்வாய்வகம் நன்கறியும். முன்பொரு விழாவில் உம்மை ஒருவர் ‘ஈடு இணையற்றவர்’ என்று மேடையில் சொல்லப்போக, “ஈடு வேற, இணை வேறயா? ஒண்ணை எடுத்துடுங்க, வார்த்தை மிஞ்சுது” என்று முன்வரிசையிலிருந்து திருத்தம் சொன்னவர் நீவிர். அந்தப் பேச்சாளர் அதன்பிறகு எந்த மேடையிலும் ஏறியதில்லை. ஆகவே எங்கள் நாற்காலிகளைச் சற்றே திருப்பிப் போட்டுக்கொண்டு, உம் கதையைச் சபைக்குச் சொல்லிக்கொள்கிறோம். யாரைப் பற்றியோ பேசுகிறார்கள் என்று நினைத்து நீவிர் அமைதியாக அமர்ந்திரும். கழுத்தில் கிடக்கும் டேப்பைத் தயவுசெய்து தொட வேண்டாம்.

சபையோரே,

இது நத்தைகளை ஆராயும் ஆய்வகம் என்று வாசல் பலகையில் எழுதியிருக்கிறது. நத்தைகள்தாம் எங்களை ஆராய்ந்தன என்ற செய்தியை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டார்கள். நீண்ட நடைவழியின் கடைசி அறை அது. சுவரோரம் கண்ணாடித் தொட்டிகள். தொட்டிக்குள் ஈரமண், கீரைத்தண்டு, எந்நேரமும் ஏதோ யோசனையில் இருக்கும் சீவன்கள். அறைக்கு நடுவே, யாரோ எந்தக் காலத்திலோ விளையாடி அலுத்து ஒதுக்கிவிட்ட டேபிள் டென்னிஸ் மேசை. வலையைக் கழற்றியாயிற்று, நட்டநடுவே ஓடும் வெள்ளைக்கோடு இன்றும் இருக்கிறது. உலகத்தின் தலைசிறந்த ஆய்வுக்கட்டுரைகள் அத்தனையும் அந்த மேசையில்தான் பிறந்தன. இதில் கொஞ்சம் மிகை இருக்கலாம். மேசையின் நீளத்தில் மிகை இல்லை.

ஆண்டுக்காண்டு புதுப்பிக்கும் தற்காலிக ஆய்வாளராக அக்கா இங்கே வந்து சேர்ந்த அன்று, அவர் கழுத்தில் ஓர் இஞ்சு டேப் தொங்கிக்கொண்டிருந்தது. அவருடைய வீட்டுக்காரர் தையல்காரர். காலையில் கடையில் அவருக்குக் கை கொடுத்துவிட்டு, கழற்ற மறந்து அப்படியே வந்துவிட்டார். அன்றைய துறைத்தலைவர் ஏற இறங்கப் பார்த்தார்.

“நத்தைக்குச் சட்டை தைக்கப் போறீங்களாம்மா?”

“அளவு கொடுத்தா தைச்சிடலாம் சார்” என்றார் அக்கா. சொன்ன வேகத்தில், தலைவரின் மேசையில் கிடந்த கட்டுரைத் தாளின் ஓரத்தில் டேப்பை வைத்தார். “இங்க ஒண்ணேகால்தான் இருக்கு. இதழ்ல ஒண்ணரை கேட்டிருக்காங்க. கீழ இன்னும் மோசம்.”

தலைவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைப்பதற்குள் பெயர் விழுந்துவிட்டது. அன்று முதல் அவர் இஞ்சுடேப் அக்கா. வயதில் மூத்தவர்களுக்கும் அக்கா. துறைத்தலைவரே மறதியாக இரண்டொரு முறை “அக்கா” என்று கூப்பிட்டு, பிறகு இருமிச் சமாளித்ததை நாங்கள் கண்ணாரக் கண்டிருக்கிறோம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். துணி டேப் நாள்பட நாள்பட நீளும். ஆகவே அவருடைய ஓர் அங்குலம், ஊரார் அங்குலத்தைவிடச் சற்றே தாராளமானது. வேலையில் மட்டுமல்ல, விடுப்புக் கேட்டுப் போனவர்களிடமும்.

கட்டுரை எழுதுவதுதான் கஷ்டம் என்று வெளியிலிருப்பவர்கள் நினைக்கிறார்கள். எழுதுவது சும்மா. எழுதியதை ஆய்விதழுக்கு ஏற்ற கோலத்தில் அனுப்புவதில்தான் மனிதர்களுக்குத் தலை நரைக்கிறது. ஒவ்வோர் ஆய்விதழும் ஒரு சம்பந்தி வீடு. ஒரு வீட்டில் மேற்கோளின் ஆண்டை அடைப்புக்குறிக்குள் போடாவிட்டால் கோபம். இன்னொரு வீட்டில் போட்டால் கோபம். அட்டவணையில் நெட்டுக்கோடே கூடாது என்பார்கள் சிலர். படவிளக்கம் படத்தோடு வரக் கூடாது, தனித்தாளில் பின்னால் வர வேண்டும் என்பார்கள் சிலர். சுருக்கத்தில் ஒரு வார்த்தை கூடிவிட்டால் கட்டுரை போன தபாலிலேயே திரும்பி வரும். அந்த வீடுகள் அத்தனையின் மனக்குறைகளும் அக்காவுக்குத் தலைகீழ்ப் பாடம். இதழாசிரியர்களே சந்தேகம் வந்தால் தங்கள் விதிப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அக்காவுக்குத்தான் தொலைபேசியில் பேசினார்கள் என்று நாங்கள் உறுதியாகச் சொல்வோம், அவர்களைக் கேட்டுவிடாதீர்கள்.

அந்த நாட்களின் வாசனை இன்னும் இந்த மூக்கை விட்டுப் போகவில்லை. திருத்தம் போடும் வெள்ளை மையின் கிறக்கம், பசை, புதிய தாள், அவற்றுக்கெல்லாம் அடியில் ஈரமண். வெட்டி ஒட்டுவது என்றால் நிசமாகவே கத்தரிக்கோலால் வெட்டி, பசையால் ஒட்டுவோம். படங்களை மெழுகுத்தாளில் மையால் வரைவார்கள். மூன்று நகல் எடுத்து, புகைப்படம் மடங்காதிருக்க அட்டை வைத்து, உறையில் போட்டு, தபால் நிலையம் வரை ஏதோ பச்சைக் குழந்தையைத் தூக்கிப்போவதுபோல் இரண்டு பேர் போவோம். ஒருவர் உறைக்கு, ஒருவர் குடைக்கு.

உறைக்குள் போகுமுன் கட்டுரை தாண்ட வேண்டிய ஒரு சடங்கை அக்கா ஏற்படுத்தினார். அதுதான் மேசைச் சுற்று. தாள்களையெல்லாம் வரிசையாக டென்னிஸ் மேசையின் ஓரத்தில் பரப்புவோம். பறக்காமலிருக்க ஒவ்வொரு தாளின்மேலும் ஒரு காலி நத்தை ஓடு. விசிறி நிறுத்தப்படும். பிறகு ஆய்வகம் முழுவதும் ஒருவர் பின் ஒருவராக மேசையை வலம் வருவோம். ஒருவருக்கு ஒரு வேலைதான். ஒருவர் கமாவை மட்டும் பார்ப்பார். கணக்கர் பக்க எண்ணை மட்டும். வண்டி ஓட்டுபவர், நத்தைப் புகைப்படம் தலைகீழாக இருக்கிறதா என்று மட்டும். அதை நத்தையின் தாயாலும் சொல்ல முடியாது என்றாலும் அவர் சளைக்காமல் பார்ப்பார். அக்கா ஓரங்களை. துறைத்தலைவருக்கு எதையும் பார்க்க அனுமதியில்லை. பார்த்தால் முடிவுரையை மறுபடி எழுதத் தொடங்கிவிடுவார். ஆகவே அவர் விசிறி சுவிட்சின் அருகே நின்று, யாரும் வேர்வை தாளாமல் அதைப் போட்டுவிடாதபடி காவல் காப்பார்.

தவறு கண்டவர் “நில்லுங்க” என்பார். எல்லோரும் அந்தந்த இடத்தில் சிலையாவோம். திருத்திய பிறகு மறுபடி நகர்வோம். அக்காவின் சட்டம் கடுமையானது: அடுத்தவர் வேலையில் கண் வைக்கக் கூடாது. “எல்லாத்தையும் பாக்கிறவரு எதையும் பாக்க மாட்டாரு. உங்களுக்கு கமாவா? உலகமே இடிஞ்சு விழுந்தாலும் கமாவைப் பாருங்க.” அந்தச் சட்டம் எங்களைப் பலமுறை காப்பாற்றியது. ஒருமுறை கவிழ்த்தது. அந்த ஒருமுறையைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் நத்தை வேகத்தில் வந்தோம்.

பிறர் கட்டுரைகளையே அலங்கரித்துக்கொண்டிருந்த அக்காவுக்குத் தம் சொந்தக் கட்டுரை ஒன்று உருவாயிற்று. தனியாகப் போகும் நத்தை வழி நெடுகச் சளியை இறைத்துக்கொண்டு போகிறது; முன்னால் போன நத்தையின் தடத்தைப் பிடித்துப் போகும் நத்தை சிக்கனமாகப் போகிறது. இதைத் தொட்டிகளின் முன் முக்காலி போட்டு உட்கார்ந்து அளந்து எழுதினார். அவர் முதற்பெயர், படங்கள் வரைந்த இளைஞர் அடுத்தவர், துறைத்தலைவர் கடைசி. அப்போதுதான் அலுவலகத்திலிருந்து ஓர் அறிவிப்பும் வந்தது. நிரந்தரப் பணிக்குத் தேர்வுக்குழு கூடும்; விண்ணப்பிப்பவர் முதற்பெயராக நிற்கும் கட்டுரை ஒன்று அச்சில் வந்திருக்க வேண்டும்; இல்லையேல் தற்காலிகப் பணியும் அந்த ஆண்டோடு சரி. அக்காவிடம் இருந்தது இந்த ஒரு கட்டுரைதான்.

படங்களில்தான் முதல் இடி இறங்கியது. இளைஞர் தனி நத்தையைச் சிவப்புக் கோட்டிலும், தடம் பிடித்த நத்தையைப் பச்சைக் கோட்டிலும் அழகழகாக வரைந்து வந்திருந்தார்.

“சிவப்பு எது, பச்சை எதுன்னு சின்னக் குழந்தைகூடச் சொல்லும் அக்கா.”

“குழந்தை சொல்லும் தம்பி. இதழ்ல கருப்பு வெள்ளைதானே போடுறாங்க. நகல் எடுத்துப் பாத்தேன், ரெண்டும் ஒரே சாம்பல். எது எதுன்னு நத்தைக்கே தெரியாது.”

“அதுக்கு?”

“ஒண்ணைப் புள்ளிப் புள்ளியா போட்டுடுங்க.”

“எல்லாப் படத்துலயுமா?”

“எல்லாப் படத்துலயும்.”

“நத்தைக்குப் புள்ளி வெக்கிறதுக்கா நான் இவ்வளவு படிச்சேன்?”

வார்த்தை தடித்தது. அக்கா டேப்பை இழுத்து இழுத்து விட்டார். அது கோபத்தின் அடையாளம். இளைஞர் உட்கார்ந்து அத்தனை படங்களையும் புள்ளி புள்ளியாக வரைந்து முடித்தார். முடித்துவிட்டு, பேனாவை மூடி மேசையின் வெள்ளைக்கோட்டில் நேராக வைத்துவிட்டு, வேலையை விட்டுப் போனார். ஊரின் மறுகோடியில் கட்டட வரைபடம் போடும் அலுவலகம் ஒன்றில் சேர்ந்துவிட்டதாகத் தெரிந்தது. போனவருக்குப் பின்னால் நாங்கள் வைத்த பெயர் புள்ளிக்கோடு.

அந்த ஆய்விதழில் இன்னொரு விதியும் இருந்தது. எழுதியவர் யார் என்று மதிப்பீட்டாளர்களுக்குத் தெரியக் கூடாது. பெயரோ, இடமோ, ‘எங்கள் முந்தைய ஆய்வில்’ என்ற நெளிவோ எதுவும் தாளில் இருக்கக் கூடாது. ஏற்றுக்கொண்ட பிறகு பெயர்களைச் சேர்த்து இறுதிப்படி அனுப்பினால் போதும். அக்கா தம்மைத் தாமே தேடித் தேடி நீக்கினார். அளவெடுக்க டேப் கொடுத்த கணவருக்கு எழுதியிருந்த நன்றியைக்கூட விடவில்லை.

இதழிலிருந்து பதில் வந்தது. மதிப்பீட்டாளர் ஒருவர் குறைக்கச் சொன்னார். மற்றவர் கூட்டச் சொன்னார். இருவருக்கும் பணிந்து அக்கா ஒரே பத்தியைக் குறைத்துக் கூட்டினார். கட்டுரை ஏற்கப்பட்டது. இறுதிப்படி தயாரானது. தலைப்புத்தாளை அக்காவே தட்டச்சு செய்தார். புள்ளிக்கோட்டின் பெயர், தலைப்பெழுத்து, பட்டம், முகவரி. துறைத்தலைவரின் பெயர், அவருடைய நீண்ட பட்டங்கள். ஒவ்வொன்றையும் எழுத்தெண்ணிச் சரிபார்த்தார். ஆண்டுக்கணக்கில் அடுத்தவர் பெயர்களையே தட்டிப் பழகிய விரல்கள், அவை முடிந்ததும் வேலை முடிந்தது என்று தாளை உருவிவிட்டன.

மேசைச் சுற்று நடந்தது. எல்லோரும் அந்தத் தாளைக் கடந்தோம். ஒரு தடவை அல்ல, பல தடவை. கணக்கர் அதற்குப் பக்க எண் தேவையில்லை என்று கடந்தார். ஓட்டுநர் அதில் புகைப்படம் இல்லை என்று கடந்தார். அக்கா ஓரத்தை அளந்து, அருமை என்று கடந்தார். கமா பார்ப்பவர் சற்று நின்றே பார்த்தார். இரண்டு பெயர்களுக்கும் நடுவில் கமா மிகச் சரியான இடத்தில் இருந்தது. பெயர்கள் யாருடைய வேலையும் அல்ல.

மாதங்கள் கழித்து, அச்சேறுமுன் திருத்தம் பார்க்க அனுப்பும் மெய்ப்பு வந்தது. உறையைப் பிரித்து அக்காதான் முதலில் பார்த்தார். பார்த்தவர் டேப்பை எடுத்து ஓரத்தை அளந்தார். பிறகு மறுபடி அளந்தார். துறைத்தலைவர் எட்டிப் பார்த்தார். முதல் வரியில் புள்ளிக்கோட்டின் பெயர். அடுத்தது அவருடைய பெயர். அவ்வளவுதான்.

“உங்க பேரு எங்கம்மா?”

“அதைத்தான் சார் நானும் தேடிக்கிட்டிருக்கேன்.”

யாரும் சிரிக்கவில்லை. தலைவர் இதழ் அலுவலகத்துக்குத் தொலைபேசி போட்டார். மறுமுனையில் ஓர் அம்மையார் பொறுமையாகச் சொன்னார்: பெயர் சேர்க்கலாம், ஆனால் அச்சில் உள்ளவர்கள் எல்லோரும் சம்மதித்து மெய்ப்பிலேயே கையெழுத்துப் போட வேண்டும், முதலில் நிற்பவர் இரண்டாமிடத்துக்குப் போக ஒப்புக்கொள்ள வேண்டும், மறுநாள் தபாலில் அது கிளம்பாவிட்டால் இந்த இதழில் இப்படியேதான் வரும். தலைவர் அங்கேயே, அப்போதே கையெழுத்துப் போட்டார். மிச்சம் ஒருவர். அக்காவோடு முகம் கொடுத்துப் பேசாதவர். இப்போது அக்காவின் கட்டுரைக்கு முதற்பெயர் அவர்.

அன்று மாலை வீட்டுக்காரரின் ஸ்கூட்டரின் பின்னால் உறையை மார்போடு அணைத்துக்கொண்டு அக்கா போனார். வழி நெடுக ஒரு பேச்சைத் தயாரித்தார்.

“என்ன சொல்லப்போற?” என்றார் தையல்காரர்.

“நீங்க ரோட்டைப் பாருங்க.”

“இல்ல, கையெழுத்துக் கேக்கப் போறோம். கெஞ்சறதா, அதட்டறதான்னு தெரிஞ்சா நானும் மூஞ்சிய அதுக்கேத்த மாதிரி வெச்சுக்குவேன்.”

புள்ளிக்கோடு தம் அண்ணன் வீட்டில் தங்கியிருந்தார். கதவைத் திறந்தவர் அண்ணி. உள்ளே வந்தவர்களைப் பார்த்ததும் புள்ளிக்கோடு எழுந்தார். அக்கா வாயைத் திறந்தார். வழியில் தயாரித்த பேச்சில் ஒரு வார்த்தைகூட வரவில்லை. பிறர் பெயருக்காக எத்தனையோ இதழாசிரியர்களிடம் சண்டை போட்டவர், தம் பெயரைக் கேட்க நா எழாமல் நின்றார். கைக்குத் தெரிந்தது ஒன்றுதான். சாப்பாட்டு மேசையில் மெய்ப்புத் தாள்களை ஒவ்வொன்றாக வரிசையில் பரப்பத் தொடங்கினார். தாள் பறந்தது. தையல்காரர் போய் விசிறியை நிறுத்தினார்.

புள்ளிக்கோடு கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உப்பு ஜாடி, ஒரு கரண்டி, அண்ணனின் கண்ணாடிக்கூடு என்று கைக்கு வந்ததை எடுத்து வந்து ஒவ்வொரு தாள்மேலும் வைத்தார்.

“யாரு ஃபேனை நிறுத்துனது?” உள்ளேயிருந்து அண்ணி வந்தார். “என்னது இது, கல்யாணப் பத்திரிகையா?”

“நத்தை அண்ணி.”

“மேசையிலயா?”

“கட்டுரை அண்ணி. உயிரோட இல்ல.”

அக்கா டேப்பைக் கையில் எடுத்தார். கணவரிடம் பக்க எண்ணைப் பார்க்கச் சொன்னார்.

“நான் எதைப் பாக்கணும்?” என்றார் புள்ளிக்கோடு, சுவரைப் பார்த்துக்கொண்டு.

படத்தைப் பார்க்கச் சொல்லியிருக்கலாம். அதுதான் அவருக்குப் பிடித்தது. அக்கா ஒரு நிமிடம் யோசித்தார். “இதுவரைக்கும் நாங்க யாருமே பாக்காத ஒண்ணு இருக்கு தம்பி. பேரை மட்டும் பாருங்க.”

மூவரும் மேசையைச் சுற்றினார்கள். முதல் சுற்றில் புள்ளிக்கோடு தலைப்புத்தாளைக் கடந்தார். பார்த்துவிட்டார் என்பது அவர் காது சிவந்ததிலேயே தெரிந்தது. நிற்காமல் நடந்தார். அடுத்த சுற்றில் படங்கள் இருந்த பக்கத்தில் நடை தளர்ந்தது. இதழ்க்காரர்கள் படத்தைப் பாதியாகச் சுருக்கியிருந்தார்கள். அப்படியும் கோடு கோடாகவும் புள்ளி புள்ளியாகவும் இரண்டு நத்தைகளும் தனித்தனியே போய்க்கொண்டிருந்தன. மூன்றாவது சுற்றில் தலைப்புத்தாளுக்கு முன்னால் வந்து சேர்ந்தார்.

“நில்லுங்க.”

நின்றார்கள்.

“உங்க பேரு இல்ல.”

“ஆமா.”

“என் பேரு முதல்ல இருக்கு.”

“ஆமா தம்பி.”

அவர் தாளைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. “வேற ஓர் ஆய்வகத்துல கேட்டு வெச்சிருக்கேன் அக்கா. முதல் பேரா ஒரு கட்டுரை இருந்தா எடுத்துக்கிறோம்னாங்க. இது போதும் எனக்கு.”

வாதம் ஒன்று கேட்டால் பத்து சொல்லும் அக்கா, டேப்பைக்கூட இழுக்காமல் நின்றார். தையல்காரர் பக்க எண்ணையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அறை வெந்தது.

அண்ணிக்குத்தான் பொறுமை போனது. “யாரு பேரு விட்டுப்போச்சு? இந்தம்மாவுதா? எழுதுனது இவங்கதானே?”

“இவங்கதான்.”

“அப்ப எழுதிட வேண்டியதுதானே. இதுக்கா எல்லாரும் வேர்த்து வழிஞ்சுக்கிட்டு நிக்கிறீங்க? எழுதிட்டு ஃபேனைப் போடு.”

புள்ளிக்கோடு தம் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். தம் பெயருக்கு முன்னால் திருத்தக் குறியிட்டு, ஓரத்தில், வரைபடத்துக்கு எழுதுவதுபோல் ஒவ்வோர் எழுத்தாக, அக்காவின் பெயரை எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டார்.

“புள்ளி நல்லா விழுந்திருக்கு” என்றார் அக்கா.

“சின்னதா ஆக்கியும் தெரியுதே.”

“அதுக்குத்தானே அன்னைக்கு அவ்வளவு சண்டை.”

“அதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னேன் தம்பி. கத்திச் சொன்னேன். அதான் காதுல விழல.”

அண்ணி விசிறியைப் போட்டார். கண்ணாடிக்கூடு வைத்திருந்த தாள் மட்டும் பறந்து, தையல்காரர் அதைப் பந்து பிடிப்பதுபோல் பிடித்தார். அவர் வாழ்க்கையில் பிடித்த ஒரே கேட்ச் அதுதான் என்று இன்றும் சொல்வார்.

அடுத்த வாரம் ஒரு காலையில் மேசைச் சுற்றுக்கு நாங்கள் தாள் பரப்பிக்கொண்டிருக்கும்போது புள்ளிக்கோடு வாசலில் வந்து நின்றார். அந்த இன்னோர் ஆய்வகத்துக்குப் போகவில்லையா என்று கேட்டோம். “பேரு பாக்கறதுக்கு ஆள் இல்லாத இடமாச்சே, விட்டுட்டுப் போக மனசு வரல” என்றார். வெள்ளைக்கோட்டில் அவர் வைத்துவிட்டுப் போன பேனா அதே இடத்தில் இருந்தது. அதைத் தாண்டித்தான் நாங்கள் அத்தனை மாதமும் தாள் பரப்பினோம். அக்காவுக்கு வேலை நிரந்தரமானது. அடுத்து வந்த கட்டுரை முழுக்க முழுக்கப் படங்களால் நிற்கும் கட்டுரை. அதன் முதற்பெயர் புள்ளிக்கோடு. தலைப்புத்தாளை அக்கா தட்டச்சு செய்தார். வரிசையில் தம் பெயரையும் மறக்கவில்லை. நத்தைக் கட்டுரை வந்த இதழுக்குத் தையல்காரர் துணியில் உறை தைத்துக்கொடுத்து, அச்சைப் பார்த்து ஒரே ஒரு குறை சொன்னார்: “ஓரம் கொஞ்சம் ஜாஸ்தியா விட்டிருக்காங்க. துணி வீண்.”

பிறகு காலம் மாறியது. தபால் போய் இணையம் வந்தது. உறைக்கு ஒருவர், குடைக்கு ஒருவர் என்று நடந்த காலம் போய், ஒரு பொத்தானை அழுத்திவிட்டு எல்லோரும் திரையைச் சுற்றி நின்று அந்தச் சின்ன வட்டம் சுழல்வதைப் பார்க்கும் காலம் வந்தது. கட்டுரை அனுப்பும் தளத்தில் பெயரை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கே போக முடியாது. அந்தக் கட்டம் வரும்போதெல்லாம் அக்கா சிரிப்பார். ஏன் என்று புதிதாக வந்தவர்கள் விழிப்பார்கள். என்றாலும் ஒவ்வொரு கட்டுரையையும் தாளில் எடுத்து, ஓடு வைத்து, விசிறியை நிறுத்தி மேசையைச் சுற்றிய பிறகுதான் அந்தப் பொத்தான் அழுத்தப்பட்டது. தொட்டிகளில் எத்தனையோ தலைமுறை நத்தைகள் பிறந்து, தடம் பிடித்து, மறைந்தன. நாங்கள் சுற்றிச் சுற்றித் தரையில் ஒரு தடமே விழுந்துவிட்டது. மேசையை நகர்த்திப் பார்த்தால் தெரியும். நகர்த்த அக்கா விட மாட்டார்.

அம்மையீர்,

நாற்காலிகளை மறுபடி உம் பக்கம் திருப்பிக்கொண்டோம். இனி நேராகவே பேசுகிறோம்; திருத்தாமல் கேட்டருளும்.

காலையில் வெயில் தொட்டிகளில் விழும் நேரத்தில் நீவிர் வாசலில் நிற்க மாட்டீர் என்பதை நாங்கள் இன்னும் முழுதாக நம்பவில்லை. உம் கணவரின் கடையில் இனி எவரும் ஓரம் தவறித் தைத்த சட்டையோடு வெளியே போக முடியாது என்பதை மட்டும் நம்புகிறோம். நலம் குன்றாமல், நடை தளராமல், நகைப்பு மாறாமல் நீவிர் நெடுநாள் வாழ வேண்டும். உம் ஆயுளை ஊரார் டேப்பால் அளக்காமல், தாராளமாக நீண்டுபோன உம் டேப்பாலேயே அளக்க வேண்டும் என்பது எங்கள் வேண்டுதல்.

ஒன்று மட்டும் பாக்கி. இன்று காலை இம்மடலையும் மேசையில் பரப்பிச் சுற்றி வந்தோம். என்றோ ஓய்வு பெற்றுவிட்ட கமா பார்ப்பவர் இதற்கென்றே வந்திருந்தார். இதை எழுதியவரும் அவரே ஆதலால், மிகைகளைக் குறைக்கச் சொன்னபோது காது கேளாததுபோல் நடந்தார். முதல் சுற்றிலேயே புள்ளிக்கோடு “நில்லுங்க” என்றார். எல்லோரும் நின்றோம். “பேரு இல்ல” என்றார். விட்டிருக்கிறோம் என்றோம். “மறந்துபோயா?” என்றார். மறக்கவில்லை என்றோம். அவர் மறுபேச்சுப் பேசாமல் பேனாவை எடுத்துத் தம் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

மேலே புள்ளியிட்ட வரியைப் பாரும். அங்கே விட்ட இடத்தை உம் டேப்பைக் கடன் வாங்கித்தான் அளந்தோம். அன்று உம் பெயரை இன்னொருவர் எழுத வேண்டியிருந்தது. இன்று அதை உம் விரல்களே எழுதட்டும், வேறு எந்தப் பெயருக்கும் முன்னதாக. அதன் பிறகுதான் நாங்கள் கையெழுத்துப் போடுவோம்; அதன் பிறகுதான் வாசலில் காத்து நிற்கும் சட்டக்கடைக்காரர் இம்மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போடுவார்.

தாளின் நான்கு மூலையிலும் ஓடு வைத்தாயிற்று. பேனாவோடு புள்ளிக்கோடு உம் பக்கத்தில் வந்து நிற்கிறார். இன்றைய துறைத்தலைவர், வழிவழியாக வந்த உரிமையோடு, சுவிட்சின் அருகே நிற்கிறார்.

விசிறி நின்றுவிட்டது அக்கா. எழுதுங்க.

உம் பெயருக்குப் பின்னால் நிற்கும்,
பெயர் பார்ப்பவர்,
கமா பார்த்தவர்,
பக்க எண் பார்ப்பவர்,
நத்தைப் படம் நேரா தலைகீழா என்று இன்றும் பார்ப்பவர்,
சுவிட்சைக் காப்பவர்,
மற்றும் மேசை சுற்றும் நத்தை ஆய்வகத்தார் அனைவரும்